கரடி தின்ற மந்துப்பழம்

யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். சுதந்திரம் வர இன்னும் சில வருஷங்கள் இருந்தன. பட்டணத்தில் குண்டு விழப்போகிறது என்று ஊரே மூட்டை கட்டியபோது நாங்களும் திருவல்லிக்கேணி வீட்டைப் பூட்டிக்கொண்டு, பட்டாபிராமுக்குப் பக்கத்தில் நெமிலிச்சேரிக்கு வந்து சேர்ந்தோம். ஓர் ஓட்டு வீட்டில் பாதி எங்களுக்கு வாடகைக்குக் கிடைத்தது. என் கணவருக்குப் பட்டணத்தில் அச்சாபீஸ் வேலை. குண்டு விழுந்தாலும் விழாவிட்டாலும் அதை விட முடியாது. சனிக்கிழமை சாயங்கால ரயிலில் வருவார், திங்கட்கிழமை காலையில் போய்விடுவார். மற்ற நாளெல்லாம் நானும் என் நாலு வயது மகளும்தான்.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. பிறந்தது நாகப்பட்டினம் பக்கம். எட்டாவது வரை படித்தவள். படிப்பு கொஞ்சம்தான், அதனால் வந்த கர்வம் அதைவிடப் பெரிசு. ரோஷம் வேறு கேட்கவே வேண்டாம். யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் ஆறு மாசம் மனசில் வைத்துக்கொண்டு குமைவேன்.

வந்த முதல் வாரமே அப்படி ஒன்று நடந்தது. எங்கள் எதிர்வீட்டில் ஒரு விவசாயக் குடும்பம். அந்த வீட்டு அம்மாளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். கணீரென்ற குரல். கிணற்றடிக்குக் கூடையில் ஏதோ கருநீலப் பழம் கொண்டுவந்து வைத்திருந்தாள். நான் பேச்சுக் கொடுக்கலாம் என்று நினைத்து, "இது நாவல் பழமா?" என்று கேட்டேன்.

"ஐய! களாப்பழத்தப் பாத்து நாவப்பழம்ன்றியே! பட்டணத்துல மரமே கெடையாதா மே?" என்று அவள் சிரிக்க, தண்ணீர் சேந்த வந்திருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அவள் மனதில் ஒன்றும் இல்லை. சிரித்த கையோடு என் மகளுக்கு ஒரு கை பழம் அள்ளி நீட்டினாள். நான் வாங்கவில்லை. குழந்தையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். இனி இந்த ஊரில் யாரிடமும் எதுவும் கேட்பதில்லை என்று அன்றைக்கு ஒரு வைராக்கியம். மடத்தனத்துக்கு அப்படியும் ஒரு பெயர் உண்டே!

குழந்தைக்கு அந்தக் கோடையில் அம்மை போட்டிருந்தது. அம்மை இறங்கியும் உடம்பு தேறவில்லை. சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அந்தச் சோறும் அப்படித்தான் இருந்தது. பர்மா அரிசி வருவது நின்று போய், கிடைத்ததை வாங்க வேண்டிய காலம். பாதி கல், மீதி புழு. பொறுக்கிப் பொறுக்கிச் சமைத்தாலும் ஒரு நாற்றம் வரும். பிள்ளை இரண்டு வாய்க்கு மேல் இறக்கமாட்டாள். விலா எலும்பை எண்ணிவிடலாம் போல் ஆகிவிட்டாள். 

அந்தச் சமயத்தில்தான் கரடிக்காரர் வந்தார். ஆவடிப் பக்கம் பட்டாளம் இறங்கிக் கூடாரம் அடித்திருந்தது. சிப்பாய்களுக்கு வேடிக்கை காட்டினால் ஏதாவது கிடைக்கும் என்று தெலுங்குச் சீமையிலிருந்து நடந்தே வந்திருக்கிறார். எங்கள் கொல்லை வேலிக்கு அந்தப் புறம் ஏரிக்கரை. ஒரே புதர்க்காடு. அங்கே இரண்டு ஓலையைச் சாய்த்துக் குடிசை போட்டுக்கொண்டார். ஆளும் கரடியும் ஒரே குடிசையில்! அன்றைக்கு என் வாயில் 'அவன்' என்றுதான் வந்தது. இன்றைக்கு எழுதும்போது கை 'அவர்' என்றுதான் போகிறது.

அரிசி விலைக்கு மனுஷனுக்கே சோறு இல்லை, கரடிக்கு யார் போடுவது? அதனால் காலையில் வெயில் ஏறுவதற்கு முன் கரடியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு புதருக்குள் விடுவார். அது தானே பழம் தேடித் தின்னும். கொல்லையில் பாத்திரம் தேய்க்கும்போது வேலி இடுக்கு வழியாகப் பார்ப்பேன். ஆரம்பத்தில் பயமாக இருந்தது. நாலு நாளில் அதுவே பொழுதுபோக்காகிவிட்டது.

அந்தக் கரடி பழம் தின்கிற அழகைச் சொல்ல வேண்டும். ஈச்சம் புதரில் குலையை முன்னங்காலால் வளைத்து, கறுத்த பழத்தை மட்டும் உதட்டாலேயே உருவி எடுக்கும். செங்காயைத் தொடாது. களாச்செடியில் அவ்வளவு முள் இருக்கிறதே, ஒரு முள் குத்தாமல் பழுத்ததை மட்டும் பறிக்கும். நாவல் மரத்தடியில் உதிர்ந்ததை 'உஸ் உஸ்' என்று உறிஞ்சும். வேலியில் படர்ந்திருந்த குன்றிமணியை முகர்ந்துகூடப் பார்க்காது. கரடிக்காரர் அதனோடு பேசிக்கொண்டே நடப்பார். "ஈத பண்டு, தினு நாயனா" என்பார் ஈச்சம்பழத்தைக் காட்டி. நாவலுக்கு நேரேடு. களாவுக்கு வாக்காய. அதைப் பெற்ற பிள்ளை மாதிரி நாயனா, நாயனா என்று கூப்பிடுவார்.

எனக்கு அப்போதுதான் அந்த யோசனை வந்தது. எது நல்ல பழம், எது விஷம் என்று இந்தப் பட்டிக்காட்டில் யாரிடமும் போய் நிற்க வேண்டாம். கரடி தின்றால் நல்லது, ஒதுக்கினால் கெட்டது. தீர்ந்தது விஷயம்! கரடி போன பிற்பாடு வேலியைத் தாண்டிப் போய் அதே செடியில் அதே பழத்தைப் பறித்துவருவேன். என் மகள் ஈச்சம்பழத்தைத் தின்றாள். நாவல் பழத்தைத் தின்று நாக்கை நீட்டி நீலமாகிவிட்டதா என்று கேட்டாள். அம்மை கண்ட பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். பத்துப் பதினைந்து நாளில் கன்னத்தில் கொஞ்சம் சதை விழுந்த மாதிரிகூட இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு மனுஷரைக் கேட்காமல் நானே என் பிள்ளையைத் தேற்றிவிட்டேன் என்று மிதப்பு.

எதிர்வீட்டு அம்மாள் ஒருநாள் நான் மடியில் பழத்தோடு வேலி தாண்டுவதைப் பார்த்துவிட்டு, "இன்னாமே, கரடிகிட்ட பாடம் படிச்சிகினு கீறியா?" என்று கேலி செய்தாள். நான் முகத்தை வெட்டிக்கொண்டு போய்விட்டேன்.

ஆனி மாசத்தில் ஒரு வியாழக்கிழமை. முதல் நாள் கரடிக்காரர் அதைப் பட்டாளத்துக் கூடாரத்துக்குக் கூட்டிப் போயிருந்தார். காலையில் பார்த்தபோது கரடி புதருக்குப் போகவில்லை. குடிசை வாசலில் படுத்திருந்தது. கரடிக்காரர் ஏரிக்கரை மரத்தடியிலிருந்து ஒரு முழ நீளத்தில் கறுப்பாக, உருண்டையாக ஏதோ காய் பொறுக்கிவந்தார். கல்லில் வைத்துத் தட்டினார். உள்ளே அறை அறையாக, பாகு மாதிரிக் கறுப்பாகச் சதை. கரடியின் வாயருகே நீட்டி, "மந்து நாயனா, மந்து, தினு" என்று கொஞ்சினார். கரடி நாக்கைச் சுழற்றிச் சுழற்றி நக்கித் தின்றது.

மந்து. சரி, இது மந்துப்பழம் என்று மனசில் குறித்துக்கொண்டேன். இத்தனை பழத்துக்குப் பெயர் கற்றுக்கொண்டவள் இதையும் கற்றுக்கொண்டேன் என்று எனக்குப் பெருமை.

அவர் அந்தப் புறம் போனதும் மரத்தடியில் கிடந்ததில் நல்லதாக மூன்று எடுத்துவந்தேன். ஒன்றை உடைத்து விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். தித்திப்பாகத்தான் இருந்தது. ஒரு மாதிரி வாடையும் இருந்தது, ஆனால் நம் வீட்டு அரிசியைவிட மோசமில்லை. மகளைக் கூப்பிட்டு உட்கார்த்தி, விரலில் வழித்து வழித்து ஊட்டினேன். வெல்லப்பாகு என்று சொன்னேன். அவளும் சப்புக்கொட்டித் தின்றாள். காலையில் பாதி, குளித்த பிறகு மீதி என்று மூன்று காய்ச் சதையும் உள்ளே போயிற்று. பிள்ளை இவ்வளவு தின்கிறாளே என்று எனக்குக் கண் நிறைந்தது.

உச்சி வேளைக்கு முன்னாலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் வாந்தி. அப்புறம் பேதி. ஒரு தடவை, இரண்டு தடவை என்றால் சமாளித்திருப்பேன். நிற்கவே இல்லை. துணி மாற்ற மாற்ற நனைந்தது. ஒரு கட்டத்தில் வெறும் தண்ணீராகப் போயிற்று. கொஞ்ச நேரத்தில் கண் குழிவிழுந்து, உதடு வறண்டு, கையும் காலும் சில்லிட்டுவிட்டன. அழக்கூட அவளுக்குத் தெம்பில்லை. அழுவது மாதிரி முகம் கோணியது, சத்தமும் இல்லை, கண்ணீரும் இல்லை. அதைப் பார்த்ததும் குழந்தையைப் பாயில் கிடத்திவிட்டு எழுந்தேன்.

வாசலுக்கு ஓடிவந்து, "அக்கா!" என்று கத்தினேன். இரண்டு மாசமாக எதிர்வீட்டில் இருந்தவளை அன்றைக்குத்தான் முதல் தடவையாக அப்படிக் கூப்பிட்டேன். முறத்தைப் போட்டது போட்டபடி ஓடிவந்தாள். குழந்தையைப் பார்த்த உடனே அவள் முகம் மாறிவிட்டது.

"இன்னா துண்ணக் குடுத்த? சீக்கிரம் சொல்லு!"

"மந்துப்பழம் அக்கா. கரடி தின்றதே, அந்தப் பழம்" என்றேன்.

"அப்டி ஒரு பழமே கெடையாதே! இன்னா பழம், காட்டு?"

அடுப்பங்கரையில் கிடந்த காயின் ஓட்டைக் கொண்டுவந்து காட்டினேன். தலையில் அடித்துக்கொண்டாள். "அடிப்பாவி! மந்துன்னா தெலுங்குல மருந்துடி! இது சரக்கொன்னக் காய். பேதிக்குக் குடுக்கறது. இதப் போயா பச்சப்புள்ளைக்கு ஊட்டன?"

கொன்றை என்ற பெயரைப் பள்ளிக்கூடத்தில் நான் பாடமாக ஒப்பித்திருக்கிறேன். மரத்தைக் கண்டதில்லை. அந்த ஊரில் தெலுங்கு தெரியாத வீடு பத்தில் ஒன்று இருக்குமோ என்னவோ. மந்து என்றால் என்னவென்று தெருவில் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். நின்ற இடத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் பூந்தமல்லிதான் போக வேண்டும். அவள் வீட்டு மாட்டு வண்டியை எடுத்துக்கொண்டு அவள் புருஷன் காலையிலேயே அங்கே சந்தைக்குப் போயிருந்தார். வேறு வண்டி இல்லை. பட்டணத்துக்கே போகலாம் என்றால் ரயிலுக்குச் சாயங்காலம் வரை காத்திருக்க வேண்டும். "குந்திகினு அழுவாத. கால நல்லா தேச்சிகினே இரு. அந்த ஆள இட்டாறேன். எத்தினி துண்ணா இன்னா ஆவும்னு அவனுக்குத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு, வேலியைப் பிய்த்துக்கொண்டு ஏரிக்கரைக்கு ஓடினாள்.

கரடிக்காரர் கரடியைப் புளியமரத்தில் கட்டிவிட்டு வந்தார். வாசற்படிக்கு அப்பாலேயே நின்று, "எத்தினி காய் குடுத்தம்மா?" என்று கேட்டார்.

"ஒன்று" என்றேன்.

என் பிள்ளை கண்ணெதிரே போய்க்கொண்டிருக்கிறாள், அந்த நிலைமையிலும் எனக்கு வாயில் பொய்தான் வந்தது. மூன்று என்று சொன்னால் இவர்கள் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று இருந்தது. இதை எழுதும்போது இன்னமும் எனக்கு உடம்பு கூசுகிறது.

அவர் குழந்தையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கோபிக்கவில்லை. "நெஜம் சொல்லும்மா. ஒண்ணுன்னா அதுவே நின்னுடும், நா போயிடறேன். நெறையன்னா வேற மாதிரி பாக்கணும். சிப்பாயிங்க நேத்து கரடிக்கு டப்பாப் பால், பிஸ்கோத்து எல்லாம் போட்டுட்டாங்க. வயிறு உப்பிச்சு. அதுக்குத்தான் அது குடுத்தேன். அம்மாம் பெரிய ஒடம்புக்கு நாலு காய். நீ எத்தினி குடுத்த?"

"மூன்று" என்று சொன்னேன். சொன்னதும் எனக்கு அழுகை பீறிட்டுக்கொண்டு வந்தது.

எதிர்வீட்டு அம்மாள் அப்போது சொன்னது இன்றைக்கும் காதில் கேட்கிறது. "கெணத்தாண்ட நான் சிரிச்சது தப்புதாம்மே. அதுக்கோசரம் பெத்த புள்ளைய பணயம் வெப்பியா?" என்றாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் கண் கலங்கியிருந்தது.

கஞ்சித் தண்ணீரில் உப்புப் போட்டு, சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே இருக்க வேண்டும், வாந்தி எடுத்தாலும் நிறுத்தக் கூடாது என்றார் கரடிக்காரர். என் அரிசி டப்பாவைத் திறந்தால் அந்தப் புழு அரிசி ஒரு பிடி. எதிர்வீட்டில் கேழ்வரகு தவிர வேறு இல்லை. அவர் குடிசைக்குப் போய் ஒரு துணி முடிச்சைக் கொண்டுவந்தார். வேடிக்கை காட்டியதற்குப் பட்டாளத்தில் கொடுத்த அரிசி. வெள்ளை வெளேரென்று இருந்தது. அவருக்கும் கரடிக்கும் அடுத்த நாலு நாளைக்கு அவ்வளவுதான் கையிருப்பு. முடிச்சை அப்படியே அவிழ்த்து என் முறத்தில் கொட்டினார்.

அப்புறம் நடந்ததை எப்படிச் சொல்வது? எதிர்வீட்டு அம்மாள் கஞ்சி வைத்தாள். நான் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு சங்கால் விட்டேன். விட்டது வெளியே வந்தது. மறுபடி விட்டேன். கரடிக்காரர் படிக்கு வெளியே குந்தியபடி, "போடும்மா, போடு, நிறுத்தாதே" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் கை ஓய்ந்தால் அவள் வாங்கிக்கொள்வாள். அவள் கை ஓய்ந்தால் நான். ஒரு சமயம் குழந்தைக்கு மூச்சு இருக்கிறதா என்றே தெரியவில்லை. மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் புலப்படவில்லை. எதிர்வீட்டு அம்மாள் காதை நெஞ்சில் வைத்துப் பார்த்துவிட்டு, "கீறா, கீறா, நீ ஊத்து" என்றாள். சங்கை அவள் கையில் கொடுத்துவிட்டு நான் சுவரில் முட்டிக்கொண்டேன். தலையைப் பிடித்து இழுத்து மறுபடி உட்காரவைத்து, "முட்டிக்கறதெல்லாம் அப்பால. மொதல்ல புள்ளையப் பாரு" என்று அதட்டினாள்.

தனக்கும் ஒரு பெண் இருந்தாள், பேதியிலேதான் போனாள் என்று அவள் சொன்னது அப்போதுதான். சங்கைப் பிடித்த கையை எடுக்காமல், குழந்தையின் வாயைப் பார்த்தபடியே சொன்னாள். அப்போது உப்புக்கஞ்சி விடத் தனக்கு யாரும் சொல்லித் தரவில்லை என்றாள். நான் கஞ்சிப் பாத்திரத்தை அவள் பக்கமாக நகர்த்தி வைத்தேன்.

வெயில் தாழ ஆரம்பித்தபோது பேதி நின்றது. விட்ட கஞ்சி உள்ளே தங்கியது. வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது, எதிர்வீட்டுக்காரர் சந்தையிலிருந்து வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டு மாட்டை அவிழ்க்காமல் வண்டியைத் திருப்பினார். குழந்தையைத் தூக்கப் போனபோது அவள் கண்ணைத் திறந்து பார்த்து, என் முகத்தைக் கண்டு சிணுங்கி அழ ஆரம்பித்தாள். கண்ணோரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வந்தது.

வெளியிலிருந்து எட்டிப் பார்த்த கரடிக்காரர், "கண்ணுல தண்ணி வந்துச்சும்மா! இனி பயம் இல்லே!" என்று கையெடுத்துக் கும்பிட்டார். யாரைக் கும்பிட்டார் என்று தெரியாது. நான் அவரைத்தான் கும்பிட்டேன்.

ஆனாலும் வண்டியில் பூந்தமல்லிக்குப் போனோம். கஞ்சி கொடுத்தது நல்லதாயிற்று, இல்லாவிட்டால் இங்கே கொண்டுவந்திருக்கவே மாட்டீர்கள் என்று டாக்டர் சொன்னார். மறுநாள் மத்தியானம் திரும்பி வந்தபோது ஏரிக்கரையில் குடிசையைக் காணோம். கரடியும் இல்லை, ஆளும் இல்லை. அரிசி தீர்ந்துவிட்டதால் வேறு ஊர் பார்த்துப் போயிருப்பார் என்று பேசிக்கொண்டார்கள். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. அவர் பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை என் கணவர் வந்தார். குழந்தை துவண்டு கிடப்பதைப் பார்த்துப் பதறி, என்ன ஆயிற்று என்றார். சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். அதற்குள், குழந்தைக்குக் கஞ்சி கொண்டுவந்திருந்த எதிர்வீட்டு அம்மாள் திண்டாடும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சூட்டுக்கு வயித்தால போச்சு நைனா. உங்க ஊட்டம்மா கண்ண மூடாம பாத்துகிச்சு" என்று சொல்லிவிட்டாள். நானும் சும்மா இருந்துவிட்டேன். அவர் கடைசிவரை என்னை மெச்சிக்கொண்டே இருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அவர் மெச்சும்போதெல்லாம் எனக்கு நெஞ்சில் முள் தைக்கும்.

அந்த ஊரில் மேலும் ஒரு வருஷம் இருந்தோம். தெருவில் எதைப் பார்த்தாலும் 'அக்கா, இது என்ன?' என்று கேட்டுக்கொண்டு அவள் பின்னாலேயே சுற்றினேன். அவளும் சிரிக்காமல் இருந்ததில்லை. சிரித்துவிட்டுத்தான் சொல்லுவாள். சிரித்தால் என்ன குறைந்துபோகிறது என்று எனக்கு அப்போது புரிந்திருந்தது.

என் மகளுக்கு இன்றைக்குப் பேரன் பேத்தி இருக்கிறார்கள். சின்ன வயதில் வெயிலுக்குப் பேதி கண்டு, அம்மா கண்விழித்துப் பிழைக்கவைத்தாள் என்றுதான் அவளும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இதை அச்சில் பார்த்தால்தான் அவளுக்கு உண்மை தெரியும். உன்னைச் சாகக் கொடுக்க இருந்தவள் நான்தான் மகளே, பிழைக்கவைத்தவர்கள் நான் ஒரு வார்த்தை கேட்க வெட்கப்பட்ட அந்த இரண்டு பேர்.